டீடில் மனைவி பெயரைச் சேர்ப்பது: கலிபோர்னியா கவுண்ட்டி ரெக்கார்டர் ஆபீஸுக்குப் போகுமுன்

வணக்கம். ஃப்ரீமான்டில் வீடு வாங்கியபோது மனைவி ஊரில் இருந்ததால் டீட் (வீட்டுப் பத்திரம்) உங்கள் பெயரில் மட்டும் ஆனது, இப்போது எச்-4இல் (வேலை விசாக்காரரின் துணைக்கான விசா) வந்துவிட்டார், அவர் பெயரையும் சேர்க்கவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வக்கீல் இல்லாமல் நாமே பதியலாமா, நம்மூர் வில்லங்கச் சான்று போல இங்கே ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்களே பதியலாம். வில்லங்கச் சான்று மட்டும் இங்கே எந்த அரசு அலுவலகமும் எழுதித் தராது. நீங்களே தேடவேண்டும், இல்லையென்றால் சொத்தின் உரிமையைத் தேடிப் பார்த்துக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனிக்குக் காசு கொடுத்துத் தேடச் சொல்லவேண்டும்.

ஊரில் சார்பதிவாளர் முன் இரு தரப்பும் நேரில் நின்று, படம் எடுத்து, கைரேகை வைத்துப் பதிவு செய்கிறோம். இங்கே பத்திரங்களைப் பதியும் ரெக்கார்டர் உங்கள் முகத்தையே பார்ப்பதில்லை. ஆளைச் சரிபார்ப்பது நோட்டரி. ரெக்கார்டர் பார்ப்பது தாளின் அமைப்பு, நோட்டரி முத்திரை, கட்டணம், கூட வரவேண்டிய படிவம், இவ்வளவுதான். உள்ளே எழுதியிருப்பது உங்கள் எண்ணத்துக்குப் பொருந்துகிறதா என்று யாரும் படித்துப் பார்ப்பதில்லை. தப்பாக எழுதிய டீடும் அப்படியே பதிவாகிவிடும். கவுன்ட்டரில் கேட்டால் சட்ட ஆலோசனை சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆகவே கவனம் முழுவதும் வீட்டு மேசையில், கையெழுத்துக்கு முன்பே இருக்கவேண்டும்.

முதலில் தேடல். ஃப்ரீமான்ட் ஆலமீடா கவுண்ட்டியில் வருகிறது, ரெக்கார்டர் ஆபீஸ் ஓக்லாண்டில். இங்கே அட்டவணை பெயர் வாரியாக ஓடும். எழுதிக் கொடுத்தவர் கிராண்டர், எழுதி வாங்கியவர் கிராண்டீ. வீட்டு முகவரியைப் போட்டுத் தேடிவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். கலிபோர்னியாவின் பல கவுண்ட்டிகளில் இணையத்தில் அட்டவணை மட்டும் தெரியும், பத்திரத்தின் படத்தை ஆபீஸ் கணினியில்தான் பார்க்கமுடியும், அல்லது நகல் வாங்கவேண்டும்.

உங்கள் பெயரை கிராண்டீ பக்கம் தேடி, நீங்கள் வாங்கிய டீடின் ஆவண எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராண்டர் பக்கம் தேடுங்கள். வங்கிக் கடனுக்கு வீட்டை ஈடாக வைத்து நீங்கள் கொடுத்த டீட் ஆஃப் டிரஸ்ட் அங்கே வரும். கடன் அடைந்தால் பதிவாகும் ரீகன்வேயன்ஸ் உங்கள் பெயருக்கு கிராண்டீ பக்கம் வரும். ஒவ்வொரு டீட் ஆஃப் டிரஸ்டுக்கும் ஒரு ரீகன்வேயன்ஸ் இருக்கிறதா என்று ஜோடி சேர்த்துப் பாருங்கள், இப்போது ஓடும் கடன் மட்டும்தான் ஜோடியில்லாமல் நிற்கவேண்டும். உங்களுக்கு விற்றவர் பெயரிலும் இதே மாதிரி பாருங்கள். அவருடைய பழைய கடனுக்கு ரீகன்வேயன்ஸ் பதியாமல் விட்டுப்போவது நடக்கிற ஒன்று. விற்பனையை முடித்துக் கொடுத்த டைட்டில் கம்பெனியிடம் ஆவண எண்ணோடு சொன்னால் அவர்கள்தான் சரிசெய்யவேண்டும்.

மெக்கானிக்ஸ் லீன் (லீன் என்றால் பாக்கிக்காகச் சொத்தின் மேல் பதியும் உரிமை, இது வீட்டு வேலை செய்தவருடையது), கோர்ட் தீர்ப்பின் சுருக்கம், வரி லீன் ஆகியவையும் இதே அட்டவணையில்தான். கூரை போட்டவர், சமையலறை கட்டியவர் பாக்கி என்று லீன் பதிந்திருந்தால், பதிந்த 90 நாளுக்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் அதை நடைமுறைப்படுத்தமுடியாது. தீர்ப்புச் சுருக்கம் அப்படியல்ல, அந்தக் கவுண்ட்டியில் உங்கள் பெயரில் உள்ள எல்லாச் சொத்தின் மீதும் படியும். சொத்துவரி பாக்கி இந்த அட்டவணையில் தெரியாமல் போகலாம், அதை டாக்ஸ் கலெக்டர் தளத்தில் தனியாகப் பாருங்கள்.

நம் ஆட்களுக்குப் பெயரில்தான் சிக்கல். அட்டவணை கடைசிப் பெயரை முன்னால் வைத்து அடுக்குகிறது. நமக்குக் கடைசிப் பெயர் அப்பா பெயராக இருக்கும், சிலருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு விசாவில் முழுப் பெயரும் சர்நேமாகப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யு’ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழுந்திருக்கும். அதே எழுத்துகள் டீடிலும் ஏறிவிடுவதுண்டு. ஆகவே முன்பின் மாற்றி, ஒட்டியும் பிரித்தும், ‘எஃப்என்யு’ சேர்த்தும் எல்லா வகையிலும் தேடுங்கள். பழைய டீடில் ஒரு மாதிரி, இப்போதைய டிரைவர் லைசென்ஸில் வேறு மாதிரி இருந்தால், புது டீடில் உங்கள் பெயருக்குப் பின்னால் ‘இன்ன பெயரில் உரிமை பெற்றவர்’ என்று பழைய எழுத்தை அப்படியே எழுதவேண்டும். இதை விட்டால் சங்கிலி அறுந்த மாதிரி தெரியும், விற்கும் நாளில்தான் அது வெளிவரும்.

தேடும்போது மனைவி பெயரையும் போடுங்கள். கணவர் பெயரில் மட்டும் வாங்கும்போது, மனைவிக்குப் பங்கில்லை என்று ஒரு இன்டர்ஸ்பௌசல் டீட் (தம்பதிக்குள் எழுதும் பத்திரம்) அல்லது குயிட்கிளெய்மில் (இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) கையெழுத்து வாங்கிப் பதிவது இங்கே வழக்கம். என்ன கையெழுத்து என்று நினைவில்லாவிட்டாலும் அட்டவணை சொல்லிவிடும்.

அடுத்து டீட். எழுதிக் கொடுப்பவர் நீங்கள், எழுதி வாங்குபவர்கள் நீங்களும் மனைவியும். சேர்ப்பதுதானே என்று கிராண்டீ இடத்தில் மனைவி பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் பதிந்தால் வீடு முழுவதும் அவர் பெயருக்குப் போய்விடும், உங்கள் பெயர் வெளியே. ரெக்கார்டர் இதைத் தடுக்கமாட்டார். இரண்டு பெயரும் கட்டாயம் இருக்கட்டும்.

பெயர்களுக்குப் பின்னால் எந்த வகையில் வைத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதவேண்டும். தம்பதிகள் பொதுவாகத் தேர்வது ஜாயின்ட் டெனன்சி (சமப் பங்குள்ள கூட்டு உரிமை), அல்லது கம்யூனிட்டி பிராப்பர்ட்டியோடு (தம்பதியின் பொதுச் சொத்து) சர்வைவர்ஷிப் உரிமை. இரண்டிலும் ஒருவர் காலத்துக்குப் பிறகு ப்ரொபேட் என்ற கோர்ட் நடைமுறை இல்லாமல் மற்றவருக்குப் போகும். வருமான வரியில் வித்தியாசம் பெரியது. ஜாயின்ட் டெனன்சியில் இறந்தவரின் பாதிக்கு மட்டும் அன்றைய சந்தை விலை அடக்கவிலையாகும் (விற்கும்போது லாபத்தைக் கணக்கிடும் அடிப்படை விலை), கம்யூனிட்டி பிராப்பர்ட்டியில் முழு வீட்டுக்கும் ஆகும். பே ஏரியா விலையில் இது லட்சக்கணக்கான டாலர் லாபத்தின் மேல் வரி. என் கருத்தில் பெரும்பாலான தம்பதிகளுக்கு இரண்டாவதுதான் சரி. அதை டீடில் வெளிப்படையாக எழுதி, ஏற்கிறோம் என்று இருவரும் டீடிலேயே கையெழுத்திட்டு வையுங்கள்.

சொத்து விவரத்தை வரிச் சீட்டில் பார்த்து எழுதாதீர்கள். பழைய டீடில் உள்ள லாட் எண், டிராக்ட் எண், மேப் புத்தகம், பக்கம் எல்லாவற்றையும் கமா மாறாமல் எடுங்கள். காண்டோ (அடுக்குமாடி வீடு) என்றால் பக்கக்கணக்கில் நீளும், தனித் தாளாக இணைத்துவிடுங்கள். 24 என்பது 42 ஆனால் பக்கத்து மனையைத்தான் எழுதிக்கொடுத்திருப்பீர்கள். ஏபிஎன் எண்ணையும் (சொத்துவரிக்கான மனை எண்) எழுதுங்கள், ஆனால் அது சொத்து விவரத்துக்கு ஈடாகாது.

தாள் 8.5க்கு 11 அங்குலம். முதல் பக்கத்தின் மேல் 2.5 அங்குலத்தில் இடது 3.5 அங்குலம் பதிவு கேட்பவர் பெயருக்கும் திருப்பி அனுப்பும் முகவரிக்கும். வலது 5 அங்குலம் ரெக்கார்டர் முத்திரைக்கு, அங்கே ஒரு புள்ளிகூட விழக்கூடாது. நோட்டரி முன் கையெழுத்திடவேண்டியவர் எழுதிக் கொடுக்கும் நீங்கள். கலிபோர்னியா நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம். அவர் இணைக்கவேண்டியது அக்நாலெட்ஜ்மென்ட் (கையெழுத்திட்டவர் இவர்தான் என்ற சான்று), ஜுராட் (சத்தியம் செய்து கையெழுத்திட்டதற்கான சான்று) இல்லை. முத்திரை மங்கினாலோ எழுத்தின் மேல் விழுந்தாலோ ஸ்கேனில் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கேயே பார்த்து இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.

கட்டணத்தில் பக்கத்துக்கு இவ்வளவு என்ற அடிப்படைத் தொகை சிறியதுதான். 2018 முதல் வந்த 75 டாலர் வீட்டுவசதிக் கட்டணம்தான் கடிக்கும். நீங்களே குடியிருக்கும் வீட்டை மாற்றும்போது அதற்கு விலக்கு உண்டு, ஆனால் அரசுச் சட்டத்தொகுப்பு 27388.1ன் கீழ் விலக்கு, குடியிருக்கும் உரிமையாளருக்கு மாற்றம் என்று டீடின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கவேண்டும். எழுதாவிட்டால் வாங்கிவிடுவார்கள். கவுண்ட்டியின் டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் 1,000 டாலருக்கு 1.10. பணம் வாங்காமல் மனைவிக்குக் கொடுப்பதால் உங்களுக்குச் சுழியம், அதையும் வரிச் சட்டம் 11930, பரிசு என்று காரணத்தோடு எழுதவேண்டும்.

டீடோடு பிஓஇ-502-ஏ என்ற படிவம் போகவேண்டும். உரிமை மாற்றத்தின் முதல் அறிக்கை அது. இல்லாமல் கொடுத்தால் 20 டாலர் கூடுதல். அதில் கணவன் மனைவிக்குள் மட்டும் நடக்கும் மாற்றம் என்ற முதல் கேள்விக்கு ‘ஆம்’ குறியுங்கள். 1978ன் ப்ராப் 13 என்ற சொத்துவரிச் சட்டம் உங்கள் சொத்து மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாமல் பிடித்துவைத்திருக்கிறது. தம்பதிக்குள் மாற்றினால் மறுமதிப்பீடு இல்லை. அந்தக் குறியை விட்டுவிட்டால் சொத்தை மதிப்பிடும் அசெஸர் ஆபீஸோடு கடிதப் போக்குவரத்து தொடங்கிவிடும்.

கடன் கொடுத்த வங்கி முழுத் தொகையையும் கேட்டுவிடுமோ என்று பயப்படவேண்டாம். 1982ன் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம், துணையோ பிள்ளைகளோ உரிமையாளராவதைக் காரணமாக வைத்து அப்படிக் கேட்பதைத் தடுக்கிறது. கடனுக்குப் பொறுப்பு மட்டும் தொடர்ந்து உங்கள் பெயரிலேயே இருக்கும். டைட்டில் இன்ஷூரன்ஸ் பாலிசியில் மனைவிக்கும் பாதுகாப்பு நீளுமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுவிட்டுப் பதியுங்கள். உரிமையை வேறு யாருக்கும் முன்பே கொடுக்கவில்லை என்ற உத்தரவாதத்தோடு வரும் கிராண்ட் டீட் எழுதுங்கள், குயிட்கிளெய்ம் வேண்டாம். குயிட்கிளெய்மில் எந்த உத்தரவாதமும் கிடையாது.

துணை அமெரிக்கக் குடிமகள் இல்லையென்றால் பரிசு வரியில் வரம்பில்லா விலக்கு கிடையாது, 2025ல் ஆண்டு வரம்பு 190,000 டாலராக இருந்தது. திருமணத்துக்குப் பின் இங்கே சம்பாதித்த பணத்தில் வாங்கியதா, ஊர்ப் பணமா, அவர் முன்பு விட்டுக்கொடுத்து எழுதினாரா என்பதைப் பொறுத்து கணக்கு மாறும். இந்த ஒன்றுக்கு மட்டும் வரிக் கணக்கரைப் பார்த்துவிடுங்கள்.

மை கையெழுத்துள்ள மூலத்தையே கொடுக்கவேண்டும், நகல் செல்லாது. நேரில் போனால் காலையில் போங்கள், மாலை மூடுமுன்பே பதிவை நிறுத்திவிடுவார்கள். ஸ்கேன் செய்து ஆவண எண் போட்டு மூலத்தைத் தபாலில் அனுப்புவார்கள். பிறகு உங்கள் பெயரையும் மனைவி பெயரையும் அட்டவணையில் தேடி எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

பதிந்த சில வாரத்தில், அரசுக் கடிதம் போன்ற தோற்றத்தில், டீட் நகலுக்கு நூறு டாலர் அளவில் கேட்டுத் தனியார் கடிதம் வரும். கட்டாதீர்கள், மூலமே உங்கள் கையில் இருக்கும்.

ஊருக்குப் போயிருக்கும்போது கையெழுத்திடவேண்டி வந்தால், சென்னை அண்ணா சாலையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு, முத்திரைக்கு 50 டாலர், முன்பதிவு வேண்டும். உள்ளூர் நோட்டரியிடம் போட்டால் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் ஏற்கப்பட அரசு தரும் சான்று) வாங்குங்கள், இந்தியா 2005 முதல் அதற்கான நாடுகளின் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாதிரி டீடும் படிப்படியான விளக்கமும் வேண்டுமானால் சாக்ரமென்டோ கவுண்ட்டி பொதுச் சட்ட நூலகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எழுதி முடித்ததும் பழைய டீடைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்த்துவிட்டு நோட்டரியிடம் போங்கள்.