விபத்து இழப்பீடும் மெடிகேர் பாக்கியும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் விபத்து வழக்குகளின் மருத்துவக் கணக்குகளைச் சரிபார்ப்பது என் வேலை. அரசுக் காப்பீடு கேட்கும் தொகையைப் பார்த்து மிரண்டு, அப்படியே கட்டிவிடும் குடும்பங்களைக் கண்டால் மனம் பதைக்கிறது. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. கிரீன் கார்டு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், பெரும்பாலும் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் சேர்த்தோம். கார் மோதி மணிக்கட்டு முறிந்தது. இடித்தவரின் காப்பீடு 60,000 டாலர் தருகிறது. பிரீமியம் கட்டியும் மெடிகேர் ஏன் பங்கு கேட்கிறது?

பதில்: விபத்துச் செலவை ஏற்க வேண்டிய வேறொருவர் இருந்தால் மெடிகேர் அவருக்குப் பின்னால்தான் நிற்கும். 1980-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. சிகிச்சை தடைபடக் கூடாது என்று முதலில் அது கட்டுகிறது. இழப்பீடு வந்ததும் திருப்பிக் கேட்கிறது. கைமாற்று போலத்தான். பிரீமியம் கட்டியதால் இந்தக் கடன் தீராது.

கேள்வி: மெடிகேர் அனுப்பிய கடிதத்தில் 18,400 டாலர் என்றிருக்கிறது. கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. அது இடைக்காலக் கணக்கு. கூடவே வரும் பட்டியலை அச்செடுத்து, பேனாவோடு அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். ஒவ்வொரு வரியிலும் தேதி, மருத்துவமனை, நோய்க்குறியீடு, தொகை இருக்கும். எஸ்52 என்று தொடங்கினால் முன்கை எலும்பு முறிவு. அது விபத்தைச் சேர்ந்தது. இ11 நீரிழிவு, எச்25 முதுமைக் கண்புரை. இவற்றுக்கும் அந்தக் காருக்கும் என்ன சம்பந்தம்? நான் பார்த்த ஒரு பட்டியலில் மணிக்கட்டு எக்ஸ்ரேக்கு அடுத்த வரியிலேயே கண் அறுவைச் சிகிச்சை இருந்தது. சேராத வரிகளை அடித்து, மருத்துவக் குறிப்புகளோடு ஆட்சேபம் அனுப்புங்கள்.

அப்படி 6,400 டாலர் நீங்கியது என்று வைத்துக்கொள்வோம். மீதி 12,000. வழக்கறிஞர் கட்டணம் 20,000, செலவு 1,000 என்றால் இழப்பீட்டில் 35 சதவீதம் அதற்கே போகிறது. அந்தச் சுமையில் மெடிகேரும் அதே விகிதத்தில் பங்கேற்க வேண்டும். 4,200 கழித்து நீங்கள் கட்டுவது 7,800. இது விதி தரும் உரிமை. யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

கேள்வி: இறுதிக் கோரிக்கையே வந்துவிட்டது. இன்னும் தவறு இருக்கிறது.

பதில்: மேல்முறையீட்டுக்கு 120 நாள் உண்டு. ஆனால் 60 நாளுக்குள் தீராவிட்டால் கடிதத் தேதியிலிருந்தே வட்டி ஏறும். முடிந்தால் கட்டிவிட்டு முறையிடுங்கள். வென்றால் பணம் திரும்பும். உண்மையான பண நெருக்கடி என்றால் தள்ளுபடியும் கேட்கலாம்.

கேள்வி: சொல்லாமல் வாங்கிக்கொண்டால்?

பதில்: மெடிகேர் பயனாளிக்குத் தரும் இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனமே அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைக்க வழியில்லை.

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. முதுகுத்தண்டில் அடி. அவனுக்கு இருப்பது, வருமானம் குறைந்தவர்களுக்கு மாநில அரசு நடத்தும் மெடிகெய்ட் காப்பீடு. அங்கும் இதே கணக்கா?

பதில்: இல்லை, அம்மா. மெடிகெய்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி விதி. எல்லாவற்றுக்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. 2006-இல் ஆல்போர்ன் வழக்கில், இழப்பீட்டில் மருத்துவச் செலவுக்கான பகுதியை மட்டுமே மாநிலம் தொடலாம் என்றது. ஆர்கன்சாஸ் 2,15,645 டாலர் கேட்டது. கிடைத்தது 35,581 தான். 2022-இல் ஃபுளோரிடா வழக்கில், எதிர்கால மருத்துவச் செலவுக்கான பகுதியிலும் மாநிலம் கைவைக்கலாம் என்று தீர்ப்பானது. பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கியபோது லாரி மோதிய 13 வயதுச் சிறுமியின் வழக்கு அது. அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. இனி வாங்க வேண்டிய மருந்துக்கான பணம் அது. ஆனாலும் சட்டம் அதுதான். ஆகவே வலி, வேதனை, இழந்த சம்பளம் ஆகியவற்றுக்கு எவ்வளவு, மருத்துவத்துக்கு எவ்வளவு என்று ஒப்பந்தத்திலேயே ஆதாரத்தோடு பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பணம் தம்பியின் வங்கிக் கணக்கில் விழுந்தால் மெடிகெய்டே பறிபோகலாம். 65 வயதுக்கு உட்பட்ட மாற்றுத்திறனாளிக்கு, பணத்தை அவர் கையில் தராமல் அவருக்காக வேறொருவர் நிர்வகிக்கும் சிறப்புத் தேவை அறக்கட்டளை அமைக்க முடியும். மாநிலத்தின் பாக்கியைத் தீர்த்தபின் மீதியை அதில் போடுங்கள். காசோலை வருவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் இதைப் பேசிவிடுங்கள்.