கிரானா: வீடு உடைந்த பிறகும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்துஸ்தானி இசைப் பாடகர்களான ஹீராபாய் பரோடேகர், பீம்சேன் ஜோஷி இருவரையுமே கிரானா கரானா என்று எழுதுகிறீர்கள். ஹீராபாய், பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கானின் மகள். ஜோஷியோ கர்நாடகத்தின் கதக் பகுதியில் பிறந்த கன்னடக்காரர். அப்படியானால் கரானா என்பது குடும்பமா, பாணியா?

ஒரு வாசகி, செங்கல்பட்டு

அன்புள்ள வாசகிக்கு,

‘கர்’ என்றால் வீடு. கரானா அதிலிருந்து வந்த சொல். உத்தரப் பிரதேசத்தின் கைரானா என்ற ஊரைச் சேர்ந்த இசைக் குடும்பங்களின் வழிதான் கிரானா. தொடக்கம் குடும்பம்தான், சந்தேகமில்லை.

ஆனால் அந்த வீடு ஒருநாள் உடைந்தது. பரோடாவில் பாட வந்த அப்துல் கரீம் கான் சாகிபும் அரச குடும்பத்து உறவினரான தாராபாயும் காதலித்து ஊரைவிட்டே போனார்கள். ஐந்து பிள்ளைகள். பிறகு தாராபாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கணவரைப் பிரிந்தார். மகன் அப்துல் ரஹ்மான், சுரேஷ்பாபு மானே ஆனார். மகள் சம்பாகலி, ஹீராபாய் ஆனார். தகப்பன் பெயரே இல்லாத அந்த வீட்டில்தான் தகப்பனின் பாட்டு நிலைத்து நின்றது. ஹீராபாய் உறவினரான அப்துல் வஹீத் கானிடம் கற்றார். குடும்பப் பெண்கள் மேடையேறத் தயங்கிய காலத்தில், டிக்கெட் வைத்த கச்சேரிகளில் பாடினார். தாராபாயைப் பற்றி நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஜோஷிக்கு வாய்த்தது வேறு வழி. சிறுவயதில் கான் சாகிபின் ‘பியா பின்’ என்ற தும்ரியை, அதாவது இந்துஸ்தானி இசையின் மெல்லிய காதல் பாட்டு வகையில் ஒன்றை, இசைத்தட்டில் கேட்டார். அந்தக் குரல் வேண்டுமென்று 11 வயதில் வீட்டைவிட்டு ஓடினார். அலைந்து திரிந்து கடைசியில் கான் சாகிபின் சீடரான சவாய் கந்தர்வரிடம் சேர்ந்தார்.

இவர்களை ஒன்றாக்குவது ஸ்வரத்தின் மேலுள்ள பக்தி. ராகத்தை அவசரப்படாமல், ஒவ்வொரு ஸ்வரமாக நின்று விரிப்பார்கள். நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: ஸ்வரம் பாடுவதில் கான் சாகிபுக்குக் கர்நாடக இசையின் ஈர்ப்பு இருந்தது. தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டிலும் பாடியிருக்கிறார். ஜிஞ்ஜோட்டி ராகத்தில் அமைந்த அந்தத் தும்ரியை அவர் குரலில் முதலில் கேளுங்கள்; பிறகு ஹீராபாய், ஜோஷி இருவரையும். உங்கள் கேள்விக்குப் பதில் காதுக்கே கிடைக்கும்.

கடிதத்தில் உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் மனம் கனத்தது. 1937 அக்டோபரில், பாண்டிச்சேரிக்குப் போகும் வழியில் ரயிலில் உடல்நிலை மோசமாகி கான் சாகிப் இறங்கியது உங்கள் பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள்கோயிலில்தான். தம்பூராவைச் சுருதி சேர்க்கச் சொல்லி, தர்பாரி ராகத்தில் தொழுகையைப் பாடினாராம். அந்த ரயில் நிலையத்திலேயே உயிர் பிரிந்தது.