பழைய காரில் பெட்ரோல் ஏறவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் பாகம்) உள்ள வண்டிக் கேள்விகள் மட்டும். அதற்கு முன் ஒன்று: டியூபை வாயில் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான்.

கீழக்கரை, மாருதி 800: அண்ணே, ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. பாம்பன் பாலத்து ஏற்றத்தில் திணறி நின்றுவிடுகிறது, கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள் பாய். ஊருக்குள் மெதுவாகப் போகக் கொஞ்சம் பெட்ரோல் போதும், ஏற்றத்தில் முழுக்க மிதிக்கும்போதுதான் வரத்துக் குறைவது வெளியே தெரியும். எப்போதும் டேங்கில் ஆரம்பித்து முன்னால் வாருங்கள், கார்புரேட்டர் கடைசி.

அடுத்த முறை நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதன்பின் வண்டி ஓடினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, வேலை அங்கேயே முடிந்தது. இல்லையென்றால் பெட்ரோல் பில்டர். அடியில் காவி நிறத்தில் பொடி தங்கியிருந்தால் டேங்கில் துரு. நம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குள் மேல் தகடு வேர்த்து வேர்த்துத் துருப்பிடிக்கும். அந்தத் துரு உறிஞ்சு குழாயின் வலையில் போய் ஒட்டும், வண்டி நின்றதும் உதிர்ந்துவிடும். கொஞ்ச நேரம் விட்டால் சரியாகிவிடும் மாயம் பல வண்டிகளில் இதுதான்.

அதுவும் சரியென்றால் ஏசி பம்ப், அதாவது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்குத் தள்ளும் பம்ப். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காயில் ஒயரைக் கழற்றுங்கள், கார்புரேட்டருக்குப் போகும் டியூபை ஒரு தகர டப்பாவில் விட்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விட்டு விட்டுப் பீய்ச்சி அடிக்க வேண்டும். சொட்டினால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் டியூபைக் கழற்றி, அந்த இடத்தில் வேறு டியூபை மாட்டிப் பெட்ரோல் உள்ள தனி கேனில் விட்டு மறுபடி பாருங்கள். இப்போது நன்றாக அடித்தால் பழுது பின்னால் டேங்க் பக்கம், அடிக்காவிட்டால் பம்பில். இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பம்பின் டயாபிரம் என்ற சவ்வு கிழிந்து ஆயிலுக்குள் இறங்குகிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

உச்சிப்புளி, பிரீமியர் பத்மினி கார்: கார்புரேட்டர் மாற்ற வேண்டுமா?

மேலே படியுங்கள்.

தேவிபட்டினம், டீசல் அம்பாசிடர்: புகை வருகிறது...

டீசலுக்குக் கார்புரேட்டரே கிடையாது. பம்ப் சர்வீஸ் செய்பவரிடம் போங்கள்.

மண்டபம், பத்மினி: மதிய வெயிலில் கேட்டில் நின்றால் அணைந்துவிடுகிறது. பம்பில் ஈரத்துணி போட்டால் எடுக்கிறது.

சூட்டில் பெட்ரோல் ஆவியாகிறது, பம்பால் ஆவியை இழுக்க முடியாது. துணி அவசரத்துக்கு நல்லது. நிரந்தரத்துக்கு, பம்புக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் தடித்த பேக்லைட் துண்டு இருக்கிறதா பாருங்கள், யாராவது எறிந்துவிட்டு வெறும் பேக்கிங் வைத்திருப்பார்கள். சைலன்சர் குழாயை ஒட்டிப் போகும் டியூபையும் தள்ளிக் கட்டுங்கள்.

இதற்குள் தொண்டிக்காரர் ஒருவர், இதெல்லாம் எத்தனால் வந்தபிறகு வந்த நோய், முன்பு ஏது என்கிறார். மண்டபத்துக்காரர், எங்கள் அப்பா காலத்திலேயே பம்பில் துணி சுற்றினோம் என்கிறார். மண்டபத்தார் சொல்வது சரி. எத்தனால் கொஞ்சமாகக் கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், அது உண்மை. ஆனால் 10 சதவீதத்துக்குமேல் போனால் அந்தக் குணம் ஏறாது, சற்றுக் குறையும். எத்தனாலின் குற்றம் வேறு இடத்தில். பழைய ரப்பரை ஊத வைக்கும், டேங்கில் படிந்த பிசினைக் கரைத்துப் பில்டரில் கொண்டுவந்து சேர்க்கும், ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும், கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் கோடு தெரியும்.

இன்னொன்று, தொண்டிக்காரரே, இதை எடுத்துக்கொண்டு சண்டை போடுங்கள்: 1 கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், 20 சதவீதக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். புது வண்டியில் சென்சார் சரிக்கட்டும். நம் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, அந்த ஜெட்டுக்கு என்ன தெரியும்? பழைய அளவிலேயே விடும், வண்டி வறட்சியாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடும், பெட்ரோல் ஏறாத மாதிரியே இழுவை குறையும். காற்றைக் குறைக்கும் சோக்கை அரைவாசி இழுத்ததும் இழுவை வந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று ஒழுகுகிறது. பம்ப் வரை எல்லாம் சரியாக இருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கிப் பாருங்கள்.

ஏர்வாடி: பானட்டுக்குள் பெட்ரோல் பாட்டிலைக் கட்டி ஓட்டி வீடு வந்துவிட்டேன், தப்பா?

தப்புதான் தம்பி. கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே செல்ஃப் அடிப்பதும் தப்பு. பேக்ஃபயர் ஒன்று போதும், முகம் போய்விடும்.

திருப்புல்லாணி: கார்புரேட்டரை...

டேங்க் மூடியைத் திறந்தீர்களா?

தனுஷ்கோடி மணல் ஏர் பில்டரில் ஏறினால்?

கறுப்புப் புகை வரும், பெட்ரோல் வரத்துக் குறையாது. தட்டிப் போடுங்கள்.

பரமக்குடி, கேஸ் கிட் போட்ட ஆம்னி:

அது என் வேலை இல்லை. போட்டவரிடமே காட்டுங்கள்.