மஃப்டி பதில்கள்

கேள்வி: உளவுத்துறைத் தலைவராக இருந்த ஒரு தமிழர் பிறகு உத்தரப் பிரதேச ஆளுநர் ஆனார் என்று போன இதழில் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். யார் அவர்?
– வாசகர், கடலூர் முதுநகர்

டி.வி. ராஜேஸ்வர். 1926-ல் பிறந்தவர். 1949-ல் ஐ.பி.எஸ். ஆகி, அப்போதைய ஹைதராபாத் மாநிலத்தில் வேலை பார்த்தார். அறுபதுகளில் ஐ.பி. என்று நாங்கள் சொல்லும் மத்திய உளவுத்துறைக்குப் போய், 1980-ல் அதன் இயக்குநர் ஆனார். இந்திரா காந்தி மறுபடி பிரதமராக வந்த அதே ஆண்டு. அசாம் கொதித்துக்கொண்டிருந்தது, பஞ்சாப் புகைய ஆரம்பித்திருந்தது. 1983 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

அதே 1983-ல் அருணாசலப் பிரதேசத்துக்குத் துணைநிலை ஆளுநராக அனுப்பினார்கள். அப்போது அதுவும் நம் புதுச்சேரி மாதிரி யூனியன் பிரதேசம்தான், 1987-ல்தான் மாநிலம் ஆனது. 1985-ல் சிக்கிம். 1989-ல் மேற்கு வங்கம். அங்கே ஒரு வருடம்கூட முடியவில்லை, வி.பி. சிங் ஆட்சிக்கு வந்ததும் எல்லா ஆளுநர்களையும் ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 2004-ல், 78 வயது நெருங்கும்போது, உத்தரப் பிரதேச ஆளுநர்! 2009 வரை ஐந்து வருடம். இடையில் 2007 தேர்தல். மாயாவதி 206 இடம் பிடித்தார். யாரை அழைப்பது என்று ஆளுநர் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லாத முடிவு. 2012-ல் பத்ம விபூஷண், 2018 ஜனவரியில் காலமானார்.

இது தேதிக் கணக்கு. எனக்கு அவர் மேல் ஆர்வம் வந்தது வேறு காரணத்தால். கடலூர் மாவட்டப் போலீஸில், உளவு வேலை பார்க்கும் தனிப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். மஞ்சை நகர் மைதானத்தில் கூட்டம் என்றால் மேடைப் பக்கம் போக மாட்டேன், பின்னால் டீக்கடை பெஞ்சுதான் என் இடம். யார் பேசினார்கள், எத்தனை தலை, யார் பாதியில் எழுந்து போனார்கள் என்று பார்த்துக்கொள்வேன். தேவனாம்பட்டினத்தில் மீனவர்களுக்குள் சுருக்குமடி வலைத் தகராறு என்றால், எந்தத் தெருவில் சத்தம் அடங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியம். அடங்கிய தெருதான் மறுநாள் கிளம்பும். எல்லாவற்றையும் எழுதி ராத்திரிக்குள் எஸ்.பி. மேசைக்கு அனுப்ப வேண்டும். படிப்பவர் ஒருவர். எழுதியவன் பெயர் வெளியே வராது. ரிப்போர்ட் தப்பென்றாலும் ஊர் திட்டாது.

மேலே இயக்குநர் வரை இதே வேலைதான், மேசைதான் பெரிது. ஆளுநர் மாளிகையிலும் இதில் பாதி உண்டு: மாநில நிலவரம் பற்றிக் குடியரசுத் தலைவருக்கு அவ்வப்போது ரகசிய அறிக்கை அனுப்ப வேண்டும். ராஜேஸ்வர் போன்றவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மீதிப் பாதிதான் கஷ்டம். சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட வேண்டும், நிருபர் மைக்கை நீட்டுவார், எதிர்க்கட்சி மனுவோடு வந்து நிற்கும். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தே பழகிய ஆள், அறுபது வயதை நெருங்கும்போது சபையில் பேசக் கற்க வேண்டும். அவர் ஒருபடி மேலே போய், 2015-ல் தன் நினைவுகளைப் புத்தகமாகவே போட்டார். இப்போது அது அவ்வளவு சுலபமில்லை. 2021-ல் ஓய்வூதிய விதியை மாற்றிவிட்டார்கள். உளவு அமைப்புகளில் இருந்தவர்கள் துறை விஷயத்தை எழுத முன்அனுமதி வேண்டும்.

கேள்வி: கிரண் பேடியும் உளவுத்துறையா?
– வாசகி, முத்தியால்பேட்டை

இல்லை. 1972-ல் ஐ.பி.எஸ்.ஸில் சேர்ந்த முதல் பெண். போக்குவரத்து, திகார் சிறை என்று ஊரே பார்க்க வேலை செய்தவர். 2016-லிருந்து 2021 வரை நம் புதுச்சேரித் துணைநிலை ஆளுநராக ராஜ் நிவாஸிலும் அப்படியேதான்! அப்போதைய முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு வாசலில் உட்கார்ந்தது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: உளவுத்துறை ஆட்களை ஆளுநராக்குவது சரியா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

ஆர்.என். ரவியை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள், புரிகிறது. அவர் 2012-ல் ஐ.பி.யிலிருந்து ஓய்வு பெற்று, 2019-ல் நாகாலாந்து, 2021-ல் தமிழ்நாடு என்று வந்தார். 10 மசோதாக்களை நிறுத்திவைத்தது சட்டப்படி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் சொன்னது. அந்தச் சண்டைக்கு அவருடைய பழைய உத்தியோகத்தை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். உளவுத்துறை வாசமே இல்லாத ஆளுநர்களும் மசோதாவை அமுக்கியிருக்கிறார்கள்.

சமீப அரசியலில் அதிகம் புழங்கியவர் ஆளுநராக வேண்டாம் என்று, மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா கமிஷன் 1988-லேயே சொன்னது. சரி, கட்சிக்காரர் வேண்டாம் என்றால் அடுத்துக் கண்ணில் படுவது ஓய்வு பெற்ற அதிகாரிதானே? எனக்கு உறுத்துவது இடைவெளி. எம்.கே. நாராயணனைப் பாருங்கள். ஐ.பி. இயக்குநராக இருந்தவர். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட ஐ.பி.எஸ். அதிகாரி, சென்னை லயோலாவில் படித்தவர். 1992-ல் ஐ.பி.யை விட்டார், 2005-ல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், 2010-ல்தான் மேற்கு வங்க ஆளுநர். அதற்குள் அவர் கையில் இருந்த கோப்புகள் பழையதாகிவிட்டன. ராஜேஸ்வரோ இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்த வருடமே அருணாசலத்தின் ராஜ் நிவாஸில் உட்கார்ந்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு படித்துவிட்டு வந்தவரிடம் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? ஐந்து வருடமாவது இடைவெளி வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி: பாரதியையும் உளவு பார்த்தார்களாமே?
– பத்தாம் வகுப்பு மாணவி, வில்லியனூர்

பின்னே? 1908-லிருந்து பத்து வருடம் இங்கே புதுச்சேரியில் இருந்தார். பிரெஞ்சு எல்லைக்குள் கைது செய்ய முடியாது என்பதால் பிரிட்டிஷ் போலீஸ் ஆட்களை வைத்துக் கண்காணித்தது. 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் பிடித்து, எங்கள் கடலூர் சிறையில் வைத்தார்கள். டிசம்பர் 14-ல் விடுதலை.

கேள்வி: ஐ.பி.யில் சேர என்ன செய்ய வேண்டும்?
– கல்லூரி மாணவர், பண்ருட்டி

ஏதாவது ஒரு பட்டம், 18-லிருந்து 27 வயது. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு. உதவி மத்திய உளவு அதிகாரி வேலைக்கு உள்துறை அமைச்சகம் அறிவிப்பு வெளியிடும். எழுத்துத் தேர்வு, அப்புறம் நேர்முகம். யு.பி.எஸ்.சி. எழுதி ஐ.பி.எஸ். ஆகி அந்தப் பக்கம் போவது இன்னொரு வழி. ஆளுநர் வேலைக்குத் தேர்வு கிடையாது. இந்தியக் குடிமகனாக, 35 வயது ஆனவராக இருந்தால் போதும் என்கிறது அரசியல் சட்டம். நீங்கள் முதலில் ஆங்கிலக் கட்டுரைத் தாளுக்குத் தயார் செய்யுங்கள், நம் பக்கத்துப் பிள்ளைகள் அதில்தான் கோட்டை விடுகிறார்கள்.