ஊட்டிக் குளிரில் பழைய டீசல் கார் காலையில் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

பெரும்பாலும் ஹீட்டர் பிளக்தான் காரணம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை நெருக்கி அழுத்தும்போது வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதி. ஜனவரி உறைபனியில், விடியற்காலை 0 டிகிரியை ஒட்டி இறங்கும்போது, ஜில்லிட்டுக் கிடக்கும் இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடும். காயாத கல்லில் தோசை ஊற்றின மாதிரிதான். அதற்காகவே சிலிண்டருக்கு ஒன்றாக, சாவியைத் திருப்பியதும் சிவக்கச் சூடாகும் பென்சில் தடிமன் கம்பி வைத்திருக்கிறார்கள், அதுதான் ஹீட்டர் பிளக்.

மீட்டரில் சுருள் வடிவ விளக்கு (ஹீட்டர் பிளக் சூடாவதைக் காட்டுவது) அணைந்த பிறகு செல்ஃப் அடியுங்கள். அப்படியும் பிடிக்காமல் வெள்ளைப் புகை மட்டும் வருகிறதா? சரி, சாவியை அணைத்துவிட்டு, பிளக்குகளின் தலையை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள் (இதை விட்டுவிட்டால் ஒரே ஒரு நல்ல பிளக் மற்றதையும் நல்லதாகக் காட்டிவிடும்). அப்புறம் 12 வோல்ட் பல்பின் ஒரு ஒயரை பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். எரியவில்லை என்றால் அந்த பிளக்கின் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

பலரும் முதலில் பேட்டரியைத்தான் மாற்றுகிறார்கள், ஆனால் செல்ஃப் நல்ல வேகமாகச் சுற்றியும் வண்டி பிடிக்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை.