நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால் மழை வருமா?

வரலாம், கட்டாயம் இல்லை. நம்மூரில் "அகல் வட்டம் பகல் மழை" என்பார்கள். தரையிலிருந்து 6 கிலோமீட்டருக்கும் மேலே சல்லாத்துணி போல மேகம் பரவியிருக்கும். அதில் இருப்பது அறுகோணப் பனிப் படிகங்கள். அவற்றுக்குள் புகுந்து வரும் நிலவொளி சுமார் 22 பாகை வளைவதால்தான் அந்தப் பெரிய வட்டம். கையை நீட்டி விரல்களை அகல விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம்தான் ஏறக்குறைய அதன் ஆரம்.

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் நெருங்கும்போது பெரும்பாலும் இந்த உயர் மேகம்தான் முன்னால் வந்து எட்டிப் பார்க்கும். அதனால் ஐப்பசியில் வட்டத்தைப் பார்த்தால், மறுநாள் நெல் காயப்போட யோசிப்பேன். கோடையில் அவ்வளவாகப் பொருட்படுத்த மாட்டேன். அப்புறம், நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன நிறவளையம் வேறு. அது பெரும்பாலும் நீர்த்துளி மேகத்தின் வேலை.