நெடுந்தீவும் சிங்கராஜவும் ஒரே பயணத்தில்: இருவர், இரண்டு முதுகுப்பை, பத்து நாள்

கேள்வி: "கலியாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக இருவராகப் பயணம் போகிறோம். யாழ்ப்பாணத்தில் தொடங்கி முதலில் தீவுகள், பிறகு சிங்கராஜக் காடு. முதுகுப்பை மட்டும்தான். எந்த மாதம் நல்லது, என்ன கொண்டுபோவது, எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

தாராளமாகப் போகலாம். இந்தப் பயணத்தின் இரண்டு பாதியையும் தீர்மானிப்பது தண்ணீர்தான். நெடுந்தீவில் குடிக்கத் தண்ணீர் போதாது. சிங்கராஜவில் உடுப்பு, சப்பாத்து, பை எல்லாவற்றுக்குள்ளும் தண்ணீர் வந்துவிடும். மாதம், பொதி, படுக்கை எல்லாவற்றையும் இதை வைத்தே முடிவெடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை பெப்ரவரி கடைசியில் இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை போவதுதான் சரி. வாடை (வடகிழக்குக் காற்று) தணிந்து சோளகம் (தென்மேற்குக் காற்று) இன்னும் எழும்பாத காலம் அது. மே முதல் செப்ரெம்பர் வரை சோளகக் காற்று வீசும்போது படகு ஏறும் இறங்குதுறையான குறிகாட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட சுமார் 10 கிலோமீற்றர் கடல் முரட்டுத்தனமாகிவிடும், படகே ஓடாத நாட்களும் வரும். அந்தக் காலத்தின் முதற்பாதியில் தென்மேற்குப் பருவமழை சிங்கராஜவையும் நனைத்துக்கொண்டிருக்கும். ஒக்ரோபரில் இருந்து டிசம்பர் வரை வடக்கில் மழையும் புயலும். மார்ச் மாதத்தில்தான் இரண்டு இடமும் ஓரளவு இடம் கொடுக்கும். ஆனாலும் சிங்கராஜ ஆண்டுக்கு 2500 மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை பெறும் காடு. அங்கே மார்ச்சிலும் பின்னேரத்தில் மழை கொட்டலாம். கச்சதீவு அந்தோனியார் திருநாளும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் வரும். அந்த நாட்களில் குறிகாட்டுவான் சனத்தால் நிறைந்திருக்கும், திகதியைப் பார்த்து விலக்கிக்கொள்ளுங்கள்.

தீவை முதலில் வைத்தது நல்ல முடிவு, மாற்ற வேண்டாம். தீவு முடிந்து யாழ்ப்பாணம் திரும்பியதும் தேவைப்படாத சாமானை வீட்டில் இறக்கிவிட்டு, குறைந்த பாரத்தோடு தெற்கே போகலாம். காட்டில் நனைந்த உடுப்பு இலகுவில் காயாது, அதைச் சுமந்துகொண்டு தீவுக்குப் போவது கொடுமை. நெடுந்தீவில் இருந்து திரும்பும் நாளுக்கும் கொழும்பு ரயில் அல்லது பஸ் நாளுக்கும் இடையில் ஒரு முழு நாளை வெறுமையாக விடுங்கள். காற்று எழும்பிப் படகு நின்றால் அந்த நாள்தான் பயணச்சீட்டைக் காப்பாற்றும்.

முதல் நாளை ஒத்திகையாக வைக்கலாம். பண்ணைப் பாலத்தால் வேலணை, அங்கிருந்து ஊர்காவற்துறை. பிறகு பாதை என்று ஊரார் சொல்லும் மிதவையில் ஏறிக் காரைநகர், கசூரினாக் கடற்கரை, பொன்னாலைப் பாலத்தால் திரும்புதல். பொதியை முழுதாக நிரப்பிச் சுமந்துகொண்டு போங்கள். எங்கே வார் உரசுகிறது, எந்தச் சாமானைத் தொடவே இல்லை என்பது அன்று பின்னேரமே தெரிந்துவிடும். ஊர்காவற்துறையில் இருந்து அனலைதீவு, எழுவைதீவுக்கும் படகு உண்டு, ஆனால் பத்து நாளில் அவற்றை நுழைக்க வேண்டாம்.

குறிகாட்டுவானுக்கு யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இருந்து 776 ஆம் இலக்க பஸ் போகும், ஒன்றரை மணித்தியாலம் வையுங்கள். வெள்ளென வெளிக்கிடுங்கள். நெடுந்தீவுப் படகு நாளுக்குச் சில தடவைதான், நேரமும் மாறும். முந்திய நாளே யாரிடமாவது கேட்டு உறுதிப்படுத்துங்கள். நயினாதீவுப் படகு அடிக்கடி உண்டு, கடலில் கால் மணித்தியாலம் அளவுதான். காலையில் நயினாதீவு, பிறகு குறிகாட்டுவானுக்குத் திரும்பி நெடுந்தீவுப் படகு என்று ஒரே நாளில் செய்யலாம். நயினாதீவுக் கோயிலுக்குள் ஆண்கள் மேலாடை கழற்ற வேண்டும், அரைக்காற்சட்டையோடு கோயிலுக்கும் விகாரைக்கும் போகக் கூடாது. இதற்காகத் தனி உடுப்பு வேண்டாம், ஆளுக்கொரு சாரம் போதும். அந்தச் சாரமே குளிக்கக் குறுக்குக்கட்டாகவும், இரவில் போர்வையாகவும், நடுப்பகலில் தலைக்கு நிழலாகவும் உதவும்.

படகில் ஏறும்போது பையை முதுகில் இறுக்கிக் கட்டியிருக்க வேண்டாம். இடுப்பு வாரையும் நெஞ்சு வாரையும் கழற்றி ஒரு தோளில் மட்டும் தொங்கவிடுங்கள். படகுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் கால் தவறினால் பை தானாகக் கழன்றுவிட வேண்டும், கட்டியிருந்தால் அது ஆளைக் கீழே இழுக்கும். உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி உடுத்துங்கள், மடியில் வைத்திருப்பதில் பயனில்லை. வயிற்றைக் குமட்டும் ஆளென்றால் படகின் கீழ்த்தட்டில் டீசல் மணத்துக்குள் இருக்காதீர்கள். நடுப்பகுதியிலோ பின்பகுதியிலோ, காற்றுப் படும் இடத்தில், தொடுவானத்தைப் பார்த்தபடி இருங்கள். முனைப்பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும். வெறும் வயிறும் கூடாது, புட்டும் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டதும் கூடாது. இரண்டு துண்டுப் பாண் போதும்.

இனி நெடுந்தீவுத் தண்ணீர். சுண்ணக்கல் தீவு அது. மழைத் தண்ணீர் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கும். மழை இல்லாத மாதங்களில் கிணற்றை இறைக்க இறைக்கக் கீழேயுள்ள உப்பு மேலே வரும், மார்ச்சில் பல கிணறு உவர். கொதிக்க வைத்தால், வடிகட்டினால், குளோரின் குளிசை போட்டால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். இவை மூன்றும் கிருமிக்குத்தான், உப்பை எடுக்காது. கொதிக்க வைத்தால் தண்ணீர் வற்றி உப்பு இன்னும் கூடும். ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் கணக்கில் வையுங்கள். கரையில் இருந்து ஆளுக்கு 3 லீற்றர் கொண்டுபோய், மீதியைத் தங்கும் இடத்தில் குடிதண்ணீராக வாங்குங்கள். ஒரு லீற்றர் ஒரு கிலோ என்பதை மறக்க வேண்டாம். ஜீவனிப் பொதி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) ஆளுக்கு நான்கு வையுங்கள். ஒரு பொதியை ஒரு லீற்றர் நல்ல தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். அரை லீற்றரில் கரைத்தால் உப்பு கூடித் தீங்கு செய்யும், உவர்த் தண்ணீரில் கரைத்தாலும் அப்படியே. கரைத்து 24 மணித்தியாலம் கடந்தால் ஊற்றிவிடுங்கள்.

தீவுக்குள் நடந்தே சுற்றலாம் என்று கணக்குப் போட வேண்டாம். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர், நிழல் மிகக் குறைவு. காலை பத்து மணிக்கு முன்பும் பின்னேரம் மூன்றரைக்குப் பின்பும் சைக்கிள், நடுவில் ஓய்வு. சைக்கிள் எடுத்தால் பம், ஒட்டுத்துண்டு, சொலூசன் கேட்டு வாங்குங்கள், முள்ளும் கல்லும் ரியூப்பைக் கிழிக்கும். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்கமரம் (பாவோபாப்) எல்லாம் ஒரு காலைக்குள் முடிந்துவிடும். தெற்கே வெட்டவெளியில் நிற்கும் குதிரைகளுக்குப் பின்னேரத்தை ஒதுக்குங்கள். அவற்றுக்கும் அது தண்ணீர் இல்லாத காலம், துரத்தி ஓடவிட்டுப் படம் எடுக்காதீர்கள். பவளக்கல் வேலியில் ஏறவும் வேண்டாம். சாந்து இல்லாமல் அடுக்கியது, ஒரு கல் நழுவினால் வரிசையே சரியும்.

ஒரே நாளில் போய் வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், வெயில் உச்சியில் ஓடிப் பார்த்து ஓடித் திரும்புவதாகவே முடியும். இரண்டு இரவு தங்குங்கள், ஆனால் நிலத்தில் படுக்காதீர்கள். எட்டடி விரியன் இரவில் வரும் பாம்பு, நிலத்தில் நித்திரை கொள்பவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும், கடித்தது வலிக்காமலேயே போகலாம். கட்டிலும், நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகிய நுளம்பு வலையும் இருந்தால் நுளம்புக்கும் பாம்புக்கும் சேர்த்துக் காப்பு. இரவில் கக்கூசுக்குப் போவதானாலும் ரோச் வேண்டும். தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் கடுமையான நிலை என்றால் கடல் கடந்துதான் யாழ்ப்பாணம் வர வேண்டும்.

பைக்கு வருவோம். ஒருவருக்கு 40 லீற்றர், மற்றவருக்கு 30 லீற்றர் போதும். பாரம் தண்ணீரோடு சேர்த்து உடல் எடையில் ஏழில் ஒன்றைத் தாண்டக் கூடாது: 70 கிலோ ஆளுக்கு 10, 55 கிலோ ஆளுக்கு 8க்குச் சற்றுக் குறைவு. சோடியாக ஒரே அளவுப் பை வாங்குவது வழமை, அதுதான் பிழைக்கும் இடம். முதுகின் நீளம் குறைந்தவருக்குப் பெரிய பையின் இடுப்பு வார் இடுப்பெலும்பில் நிற்காது, கீழே இறங்கிவிடும், முழுப் பாரமும் தோளில் தொங்கும். கடையில் பைக்குள் ஐந்து கிலோ போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

சாமானைப் பாதி பாதியாகப் பிரிக்க வேண்டாம். எந்தப் பையும் தனியே ஓர் இரவைச் சமாளிக்க வேண்டும். ஆளுக்கொரு ரோச், ஒரு லீற்றருக்குக் குறையாத தண்ணீர், ஜீவனி, ஒரு காய்ந்த உடுப்பு, பாதிக் காசு, சொந்த அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. மிச்சம் பொது: மருந்து ஒரு பையில், ஐந்து மீற்றர் நைலோன் கயிறும் ஊசி நூலும் பவர் பாங்கும் மற்றதில். தங்குமிடத்தில் இருவரின் அடையாள அட்டையையும் கேட்பார்கள். பதிவுத் திருமணச் சான்றிதழின் பிரதி ஒன்று கையில் இருந்தால் சில இடங்களில் வீண் பேச்சு குறையும்.

பையோடு வரும் மழை உறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கத்தால் வழியும் மழையும் வியர்வையும் அதற்குள் போகும். உரப்பைக்குள் இருக்கும் தடித்த பொலித்தீன் உள்ளுறையை நன்றாகக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் விரித்து, உடுப்பை அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். படகின் அலைத்தெறிப்புக்கும் காட்டு மழைக்கும் இது ஒன்றே போதும். சிங்கராஜ வாசலில் பொலித்தீனைப் பற்றிக் கேட்டால் உள்ளே எறிவதற்கில்லை என்று விளங்கப்படுத்துங்கள், வாங்கிய பக்கற்றுகளை முன்கூட்டியே பிரித்துத் துணிப்பையில் போடுங்கள்.

காடு என்றால் எந்தக் காடு என்பதும் முக்கியம். வில்பத்து போன்ற தேசிய பூங்காக்களில் இறங்கி நடக்க விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போகலாம். வன்னிக் காட்டுக்குள் தாங்களாக நடக்கவே கூடாது. யானை ஒருபுறம், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் மறுபுறம். சிங்கராஜ 1988 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மழைக்காடு, நடந்து பார்ப்பதற்கான இடம். கொழும்பில் இருந்து இரத்தினபுரி, கலவான வழியாகக் குடாவ வாசல், அல்லது தெனியாய வழியாகப் பிட்டதெனிய வாசல். வடக்கில் இருந்து போகிறவர்களுக்குக் குடாவ சுலபம். கலவானவுக்குப் பிறகு பஸ் குறைவு, பின்னேரம் இரண்டு மணிக்கு முன் அங்கே நில்லுங்கள். வாசலில் சீட்டும் வழிகாட்டியும் எடுக்க வேண்டும். சுமார் 760 மீற்றர் உயர மவுலவெல்ல மலை ஏற்றம் முதல் நாளுக்குப் போதுமானது. துடுப்புவால் கரிச்சானின் சத்தம் கேட்டால் அசையாமல் நில்லுங்கள். பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூட்டமாகக் கடந்துபோகும், சிங்கராஜவின் சிறப்பே அதுதான்.

அட்டைக்குப் பயப்படத் தேவையில்லை, ஆயத்தம் வேண்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். சாதாரணப் பின்னல் காலுறையின் ஓட்டைக்குள்ளால் அட்டை நுழையும். காலுறைக்கு மேலே காய்ந்த சவர்க்காரத்தை அழுத்தித் தேயுங்கள், மழை கழுவினால் திரும்பத் தேயுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு வைக்கவோ உப்புப் போடவோ வேண்டாம், அது வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கலாம். மெல்லிய முனைதான் வாய். நகத்தை அதற்குக் கீழே செலுத்தி விலக்கி, உடனே பருத்த முனையையும் தட்டிவிடுங்கள். இரத்தம் உறையாமல் செய்யும் பொருளை அது செலுத்துவதால் ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாகக் கசியலாம். சவர்க்காரத்தால் கழுவி, துணியை மடித்துப் பத்து நிமிடம் அழுத்தி, மேலே பிளாஸ்டர்.

காலுறை மூன்று சோடி: இரண்டு நடக்க, ஒன்று படுக்க மட்டும். படுக்கும் சோடியை எந்தக் காரணத்துக்கும் சப்பாத்துக்குள் போடாதீர்கள். பல வருடம் பெட்டிக்குள் கிடந்த சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு போனால் ஈரத்தில் அடிப்பாகம் கழன்று வரும். பசையும் நுரையும் ஏற்கனவே செத்திருக்கும். சிவப்பாகி எரியத் தொடங்கிய இடத்தில் உடனே பிளாஸ்டர் ஒட்டுங்கள், கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பாதிப் பயன்தான். மெதுவாக நடப்பவர் வழிகாட்டிக்கு அடுத்தபடி நடக்கட்டும். ஓடையில் தண்ணீர் பழுப்பாகி முழங்காலுக்கு மேல் வந்தால் கடக்க வேண்டாம், மேலே பெய்த மழை கீழே வருகிறது என்று அர்த்தம். திரும்புவோம் என்று இருவரில் ஒருவர் சொன்னால் திரும்புவது என முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பாம்பு விடயத்தில் காட்டுக்கு ஒரு தனிக் கவனம் வேண்டும். இலைச்சருகோடு நிறம் கலந்து கிடக்கும் கோப்பி விரியனின் நஞ்சுக்கு, இங்கே பாவிக்கும் இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்யாது. கையை ஊன்றும் இடத்தையும் உட்காரும் மரக்குற்றியையும் முதலில் பாருங்கள். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். காலை அசைக்காமல் 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள், சிறுநீரகப் பாதிப்பு வரக்கூடியதால் வைத்தியசாலைக் கண்காணிப்பு கட்டாயம்.

மருந்துப் பை சிறிதாக இருக்கட்டும்: பரசிற்றமோல், ஒவ்வாமைக் குளிசை, பொவிடோன் அயடீன், பங்கசுப் பூச்சு, பிளாஸ்டர். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாக டொக்சிசைக்கிளின் எடுப்பதா என்பதை உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ அதற்கு வாய்ப்பு இருந்தாலோ கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தக் குளிசை வெயிலில் தோலை எரியச் செய்யும், தீவுப் பகுதிக்கு அது இடைஞ்சல்.

மலேரியாவுக்கு இப்போது பயம் இல்லை, 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. டெங்கும் எலிக்காய்ச்சலும்தான் கவனிக்க வேண்டியவை. திரும்பி வந்தபின் இரண்டு, மூன்று வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர அஸ்பிரின், இபுபுறூபன், டைக்குளோபினாக் எதையும் தொடாதீர்கள், டெங்கு என்றால் இரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இரண்டாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்து, காட்டில் நடந்ததையும் ஓடையில் இறங்கியதையும் வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள்.